எழுதிக்கொண்டிருப்பவரைப் பத்தாவது நிமிடத்தில் வெளியே தள்ளும் தளம்

அனுப்புநர்:
யோம் கிதே (வயது 44),
உரிமம் பெற்ற மசாஜ் சிகிச்சையாளர்,
பார்வை மாற்றுத்திறனாளி (முழுமையாக),
302, தல்பித் குடியிருப்பு,
சோன்னே வட்டம், தேகு மாநகர்.

பெறுநர்:
உயர்திரு வட்டத் தலைவர் அவர்கள்,
சோன்னே வட்ட அலுவலகம்,
தேகு மாநகர்.

பொருள்: வட்ட அலுவலக இணையதளம், உள்நுழைந்த குடிமகனை அவர் வீட்டில் பத்து நிமிடமும் பொதுக் கணினியில் கணக்கின்றியும் வைத்திருப்பது – அதனால் என் குடும்பத்துக்கு நேர்ந்தவை – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது இணையவழிப் புகார், நாள் 25.03.2025.
2. தங்கள் அலுவலகப் பதில், நாள் 02.04.2025 (ஏழாம் நாள் தானாகவே மறைந்துவிட்டது).

பதவிக்கு உரிய மரியாதையுடன், ஐயா,

1. இம்மனுவை என் வீட்டில், என் சொந்தக் கணினியில், நான்கு நாட்களாகத் தட்டச்சு செய்தேன். இடையில் தேநீர் குடித்தேன். மகளுக்குச் சோறு போட்டேன். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அரை மணி நேரம் யோசித்தேன். எவரும் என்னை வெளியே தள்ளவில்லை. ஆகவே இதிலுள்ள வாக்கியங்கள் எல்லாம் முற்றுப்புள்ளி வரை போய்ச் சேர்ந்திருப்பதைத் தாங்கள் காணலாம். தங்கள் இணையதளத்தில் எழுதியிருந்தால் இந்தப் பேறு கிடைத்திராது. தாளில் அச்சிட்டு நேரில் தருவதன் காரணம் அதுவே.

2. நானும் என் மனைவி பான் மிரியோங்கும் சந்தைக்கு எதிரே ஐந்தாம் மாடியில் இருக்கும் மசாஜ் சிகிச்சை நிலையத்தில் வேலை செய்கிறோம். எனக்கு இரு கண்ணும் பிறவியிலிருந்தே இல்லை. என் மனைவிக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தால் பெரிய எழுத்தும் தெரியும். எங்களுக்கு ஒரே மகள், சோதாம், வயது ஏழு. அவளுக்குக் கண் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. இவ்வாண்டு மார்ச் 4ஆம் தேதி முதல் வகுப்பில் சேர்ந்தாள்.

3. எங்கள் வீட்டுக்கும் அவள் பள்ளிக்கும் நடுவே எட்டு வழிச் சாலை ஒன்றும், சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் சந்துகள் இரண்டும் உள்ளன. பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப்போவது உலக வழக்கம். எங்கள் குடும்பத்தில் யார் யாரை அழைத்துப்போகிறார் என்பது அவ்வளவு தெளிவான விஷயம் அன்று. ஏழு வயதுக் குழந்தை தன் தாய்க்கும் சேர்த்துச் சாலையைப் பார்க்கக் கூடாது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். இது பெரிய கோரிக்கை என்று நாங்கள் நினைக்கவில்லை.

4. தங்கள் அலுவலகமும் அப்படி நினைக்கவில்லை போலும். மாற்றுத்திறனாளிப் பெற்றோரின் பிள்ளைகளைக் காலையில் பள்ளிவரை உடன் நடந்து கொண்டுவிடும் ‘பள்ளித் துணைநடை’ என்ற திட்டத்தைத் தாங்களே தொடங்கிவைத்தீர்கள். வட்டம் முழுமைக்கும் பன்னிரண்டு இடங்கள். முந்தியவருக்கு முன்னுரிமை. விண்ணப்பம் இணையதளத்தில் மட்டும். கண் தெரியாதவர்களுக்கும் உரிய ஒரு திட்டத்துக்குக் கண்ணால் பார்த்து நிரப்ப வேண்டிய படிவத்தை உருவாக்கியவர் எவரோ, அவரை நான் சந்தித்ததில்லை. சந்திக்கும் ஆவலும் இல்லை.

5. பிப்ரவரி 3, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் படிவம் திறந்தது. ஒன்பது நான்குக்கு நான் உள்ளே இருந்தேன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் என் காதில் சொல்லச் சொல்ல நான் விசைப்பலகையில் எழுதுகிறேன். பார்வையுள்ளவர் போல ஒரு பார்வையில் பக்கத்தை அளந்துவிட முடியாது. முதல் இரண்டு பக்கங்கள் தடையின்றி முடிந்தன. மூன்றாம் பக்கத்தில், வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள ஒவ்வொரு திருப்பத்தையும் சாலைக் கடப்பையும் விவரித்து, குடும்பச் சூழலை ஐந்நூறு எழுத்துகளுக்குக் குறையாமல் எழுதும்படி கேட்டிருந்தீர்கள். கேட்டதற்கு இணங்க எழுதினேன். எங்கள் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடும் திறமை எனக்கு இல்லாததால் பத்தொன்பது நிமிடம் எடுத்தது. பிறகு ‘அடுத்து’ என்பதை அழுத்தினேன். ‘தங்கள் பாதுகாப்பைக் கருதி வெளியேற்றப்பட்டுள்ளீர்கள்’ என்று மென்பொருள் படித்தது. எழுதிய ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. பத்தாவது நிமிடமே என்னை வெளியேற்றிவிட்டு, அடுத்த ஒன்பது நிமிடமும் மூடிய கதவைப் பார்த்து என்னை எழுதவிட்டிருக்கிறீர்கள். ஒரு சத்தம், ஒரு மணியோசை, எதுவும் இல்லை. ஆள் எழுந்துபோன பின்பும் அவரிடம் பேசிக்கொண்டிருக்கும் குருடனைப் பற்றி எங்கள் சிகிச்சை நிலையத்தில் வேடிக்கைக் கதைகள் உண்டு. அவற்றில் ஒன்றை அன்று நானே நடித்தேன்.

6. இரண்டாம் முறை அறிவோடு நடந்துகொள்வதாக எண்ணி, விவரம் முழுவதையும் தனியே எழுதிவைத்துக்கொண்டு, அதை அப்படியே படிவத்தில் ஒட்ட முயன்றேன். ஒட்டுவது பாதுகாப்புக்காகத் தடை செய்யப்பட்டுள்ளது என்று அறிந்துகொண்டேன்.

7. மூன்றாம் முறை என் மனைவியை உதவிக்கு அழைத்தேன். அவள் திரையில் மூக்கை வைத்துக் கடிகாரத்தைத் தேடினாள். கண்டும் பிடித்தாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். அலுவல் மொழிக்கு மாற்றினால் உண்மை குறைந்துவிடும்.

“சோதாம் அப்பா, மேல மூலையில செவப்பா ஒரு நம்பர் குறைஞ்சுக்கிட்டே வருது. ரெண்டுன்னு ஆயிடுச்சு! ஓடுங்க, ஓடுங்க!”

“எங்க ஓடறது? விரல்தானே ஓடணும்.”

“பக்கத்துல ஏதோ பட்டன் மாதிரி இருக்கு. நேரத்தை நீட்டிக்கன்னு போட்டிருக்கான்.”

என் மென்பொருள் அந்தப் பொத்தானை எனக்கு ‘படம்’ என்று மட்டும் படித்துக்கொண்டிருந்தது. பெயர் எழுதப்படாத படம். அதை அழுத்தியதும் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லை என் விசைப்பலகையில் அடிக்கக் கூடாதாம். திரையில் தோன்றும் எழுத்துப் பலகையில் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்த வேண்டுமாம். அந்தப் பலகையில் எழுத்துகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறி உட்காரும். என் மனைவி நான்கு எழுத்து வரை போராடினாள். ஐந்தாவதைத் தேடும்போது நேரம் முடிந்தது. அப்போது அவள் சொன்னது:

“திருடனைக் கலங்கடிக்க எழுத்தைக் கலைச்சுப் போட்டிருக்கானுங்களாம். திருடனுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியும்? அவன் பாத்து டக்கு டக்குன்னு அமுக்கிட்டுப் போயிருவான். மாட்டிக்கிட்டது நாமதான்.”

தங்கள் அலுவலகம் பாதுகாப்பு ஆலோசகர் எவரையேனும் அமர்த்தியிருந்தால், இந்த ஒரு கருத்தை அவரிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

8. பத்தரை மணிக்கு இணையதள உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர் தம் பெயர் குக் சங்ஹுன் என்றார். உரையாடல் பதிவாகிறது என்று தங்கள் இயந்திரமே சொன்னதால், கீழுள்ளதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

“மேல வலது பக்கம் செவப்பாக் கடிகாரம் ஓடுமே சார். பாக்கலையா நீங்க?”

“பாக்கலீங்க. பொறந்ததுலேருந்து பாக்கலை.”



“ஓ… மன்னிச்சுக்கங்க சார். ஆனா பத்து நிமிஷத்துல எல்லாரும் முடிச்சிடறாங்களே?”

“நான் சும்மா உக்காரலைங்க. எழுதிக்கிட்டேதான் இருந்தேன்.”

“எழுதறதெல்லாம் கணக்குல வராது சார். பட்டனை அமுக்கணும், இல்லாட்டி மவுஸை அசைக்கணும். அப்பத்தான் நீங்க அங்க இருக்கீங்கன்னு சிஸ்டத்துக்குத் தெரியும்.”

“எனக்கு மவுஸே கிடையாதுங்க. அதை வெச்சுக்கிட்டு நான் எதைக் காட்ட?”

“அது புரியுது சார். ஆனா நீங்க எந்திரிச்சுப் போனப்புறம் வேற யாராச்சும் வந்து உக்காந்துட்டா உங்க விவரமெல்லாம் போயிருமே. உங்க நல்லதுக்குத்தான்.”

“இது என் வீடுங்க. என் ரூமு. வேற யாராச்சும்னா என் சம்சாரம், இல்ல என் பொண்ணு. அவங்களுக்கு என் விவரம் ஏற்கெனவே தெரியும்.”

குக் சங்ஹுன் அவர்கள் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அவர்மீது எனக்குக் குறையில்லை. தமக்கு எழுதிக்கொடுத்ததை அவர் வாசித்தார். எழுதிக்கொடுத்தவர் மீதுதான் என் குறை. குடிமக்கள் சேவை மையத்துக்குப் போய் அங்குள்ள பொதுக் கணினியில் விண்ணப்பிக்கலாம் என்றும், அங்கே காதில் மாட்டும் ஒலிக்கருவி உண்டு என்றும் அவர்தான் சொன்னார்.

9. பேருந்தில் சென்று பதினொன்று முப்பத்தைந்துக்கு அங்கே சேர்ந்தேன். முகப்பு மேசையிலிருந்த பெண் ஊழியர் என்னைக் கணினி முன் உட்காரவைத்து, ஒலிக்கருவியைக் காதில் மாட்டிவிட்டார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. தங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்டு முதல் கடிதம் உதவி செய்தவருக்குத்தான் போகும் என்பதை அறிவேன்.

10. அடுத்து நடந்ததைத் தாங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன். ஒலிக்கருவியில் முதலில் கேட்டது, எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்கான வரவேற்பு. பெயர், பிறந்த நாள், குடியிருப்பு எண், கைப்பேசி எண். மறதி நோயில் இருக்கும் கணவருக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் கேட்டு அவர் பாதியில் விட்டிருந்த விண்ணப்பம். இரவில் கணவர் எத்தனை முறை எழுகிறார், எழுந்தால் மனைவியை எந்தப் பெயர் சொல்லித் திட்டுகிறார் என்பது வரை என் காதில் விழுந்தது. நான் எதையும் தேடிப் போகவில்லை. பக்கம் திறந்ததும் மென்பொருள் தன் வேலையைச் செய்தது. ‘விண்ணப்பத்தை ரத்து செய்’ என்ற பொத்தானில்தான் என் விரல் நின்றிருந்தது. அதற்கு மட்டும் தெளிவாகப் பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்த அம்மையாரின் பெயரை இங்கே மறைக்கிறேன். தங்கள் தளம் செய்யத் தவறியதை யாராவது செய்ய வேண்டும் அல்லவா?

11. நான் பதறி ஒலிக்கருவியைக் கழற்றினேன். முகப்பு மேசை ஊழியர் ஓடிவந்தார்.

“ஐயய்யோ, காலையில ஒம்பதரைக்கு வந்த அம்மாவோடதுங்க இது. அவங்க போயி ரெண்டு மணி நேரம் ஆச்சே!”

“இதுல பத்து நிமிஷக் கணக்கு கிடையாதாங்க?”

“இல்லீங்க. இந்த மையத்துக் கம்ப்யூட்டர்ல மட்டும் எடுத்துட்டாங்க. மெஷினை அணைக்கிற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்.”

“ஏன்?”

“போன வருஷம் பெரிய ஐயா பார்வையிட வந்தாரு. அன்னைக்கு ஒரு பெரியவரு, மூணு தடவை எழுதி மூணு தடவையும் போச்சுன்னு, அவரு மூஞ்சிக்கு நேராக் கையை நீட்டிக் கத்திட்டாரு. போட்டோ எடுக்கறவங்க எல்லாம் நின்னாங்க. சாயங்காலத்துக்குள்ள மாத்திட்டாங்க.”

‘பெரிய ஐயா’ என்று அவர் சொன்னது தங்களைத்தான்.

12. ஆக, ஒரு குடிமகனைத் தங்கள் தளம் எவ்வளவு நேரம் நம்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கத் தங்கள் அலுவலகத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். குரலின் உயரமும் அருகில் நிற்கும் கேமராவின் எண்ணிக்கையும் அந்த அளவுகோல். நேரத்தை நீட்டிக்க வேண்டிய இடம் வீடு. தாங்கள் நீட்டித்தது நூறு பேர் வந்துபோகும் கூடம். சட்டென்று மூட வேண்டிய இடம் கூடம்; தாங்கள் மூடியது என் வீடு. வாசலுக்கு ஏழு பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துக்குக் கதவே வைக்காத வீட்டுக்காரரை ஊரார் எப்படி அழைப்பார்களோ, அந்தச் சொல்லை இம்மனுவில் எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

13. அந்த அம்மையாரின் கணக்கிலிருந்து நான் வெளியேறினேன். சோன்னே வட்ட அலுவலகத்தின் தகவல் பாதுகாப்புப் பணியை அன்று ஊதியமின்றிச் செய்தவன் நான்தான். பிறகு என் விண்ணப்பத்தை எழுதினேன். கடிகாரம் துரத்தாததால் இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தேன். பன்னிரண்டு ஒன்பதுக்கு அனுப்பினேன். பன்னிரண்டு இடங்களும் பதினொன்று நாற்பத்தெட்டுக்கே நிரம்பிவிட்டன என்று பதில் வந்தது. காத்திருப்போர் வரிசையில் எனக்கு மூன்றாம் இடம்.

14. நேரத்தைத் தாங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஒன்பது நான்குக்கு உள்ளே வந்தவன், ஒன்பதரைக்கே விண்ணப்பத்தை முடித்திருப்பான்.

15. மார்ச் மாதம் பள்ளி திறந்தது. நான் காலை எட்டு மணிக்கே சிகிச்சை நிலையத்தில் இருக்க வேண்டும். அலுவலகம் போகும் முன் முதுகைக் காட்ட வருகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள். ஆகவே சோதாமை என் மனைவி கொண்டுவிட்டாள். மார்ச் 20, வியாழக்கிழமை, எட்டு முப்பத்தைந்துக்கு, பள்ளிக்கு முந்தைய சந்து முனையில், எவரோ வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு நடைபாதையின் மேட்டுக் கோட்டின் குறுக்கே கிடத்திப்போன மின் ஸ்கூட்டரில் என் மனைவியின் கால் இடறியது. அந்த மேட்டுக் கோடு எங்களைப் போன்றவர்கள் காலால் தடவி நடப்பதற்காகப் போடப்பட்டது. மகள் மீது சாய்ந்துவிடக் கூடாது என்று கையை விடுவித்துக்கொண்டு, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் முறிந்தன. மசாஜ் செய்கிறவருக்கு மணிக்கட்டு என்னவென்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என நம்புகிறேன்.

16. அவசர உதவி எண்ணை அழைத்தது சோதாம். அம்மாவின் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அவள் சொன்னதை, ஆம்புலன்ஸில் வந்த ஊழியர் எனக்குச் சொன்னார்: “எங்கம்மா கை வளைஞ்சிருக்கு. அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நான் இங்கதான் நிக்கறேன். எங்கயும் போக மாட்டேன்.”

17. மருத்துவமனையில் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது:

“அப்பா, அந்த வண்டி கெடந்ததை நான் பாத்தேன். சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள அம்மா விழுந்துட்டாங்க. நான் சீக்கிரமாச் சொல்லியிருக்கணும்ல?”

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இம்மனுவுக்குத் தேவையில்லை. ஆனால் ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். இந்த விவகாரத்தில், பிப்ரவரி 3 முதல் இன்று வரை, நடந்ததற்குத் தானே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்ட ஒரே நபர் அவள். வயது ஏழு.

18. இந்த விழுதலுக்குத் தங்கள் இணையதளமே காரணம் என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது. தங்கள் சட்டப் பிரிவினர் அதைச் சொல்ல ஒரு கோப்பு திறந்து, மூன்று கையெழுத்து வாங்கி, ஒரு மாதம் செலவழிப்பார்களே என்று நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரை அங்கே கிடத்தியவர் தாங்கள் அல்ல. அந்த இடத்தில் ஸ்கூட்டரைப் பார்க்கும் கண்ணும் அதைச் சொல்லும் வயதும் உள்ள ஒருவர் நின்றிருக்க வேண்டும். அவரைக் கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்தைத்தான் தாங்கள் மூன்று முறை தடுத்தீர்கள். என் வாதம் இவ்வளவே.

19. மார்ச் 25 அன்று பார்வை 1இல் கண்ட புகாரை அனுப்பினேன். அதற்காக மீண்டும் பேருந்து ஏறிச் சேவை மையத்துக்குத்தான் போனேன். பதில் ஏப்ரல் 2 அன்று தளத்தில் வைக்கப்பட்டதாம். வைத்ததை எனக்கு எவரும் தெரிவிக்கவில்லை. உள்நுழைந்தால்தான் தெரியும், ஏழு நாளில் மறைந்துவிடும். நான் போனபோது ‘பார்வைக் காலம் முடிந்தது’ என்று மென்பொருள் படித்தது. என்னைப் பற்றித் தங்கள் தளம் சொன்ன ஒரே உண்மை அதுதான். பின்னர் உதவி எண்ணில் வாசித்துக் காட்டினார்கள். பதில் ஒரே வாக்கியம்: ‘உள்நுழைவு நேரம் மேலிட வழிகாட்டுதலின்படி குடிமக்களின் பாதுகாப்பைக் கருதி நிர்ணயிக்கப்பட்டுள்ளது, தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி.’ நான் ஒத்துழைக்கவில்லை. நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

20. பாதுகாப்பு என்ற அந்தச் சொல்லைப் பற்றி இன்னொரு செய்தி. தங்கள் அலுவலகத்துக்கு உள்ளிருந்தே இது எனக்குக் கிடைத்தது. யார் மூலம் என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். ஊழியர்களின் கணினிகளுக்கும் அதே பத்து நிமிடம்தானாம். அதை அவர்கள் சமாளிக்கும் விதம் வருமாறு:

“முள்ளு ஓடற கைக்கடிகாரம் ஒண்ணை மவுஸுக்கு அடியில வெச்சிடுவோம் சார். முள்ளு நகர நகர மவுஸ் அசையுதுன்னு சிஸ்டம் நெனச்சுக்கும். சாப்பிடப் போனாலும் நாங்க சீட்லயே இருக்கற மாதிரிதான். எங்க பிரிவுல எல்லாரும் செய்யறதுதான்.”

மேசையில் ஆள் இல்லாதபோது ஒரு கைக்கடிகாரத்தை அதிகாரியாக ஏற்றுக்கொள்ளும் தளம், பத்து விரலும் வலிக்க எழுதிக்கொண்டிருந்த என்னை இல்லாதவன் என்று முடிவு செய்திருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அன்றோடு தங்கள் அலுவலகத்தின் மேல் கோபப்படுவதை நிறுத்திவிட்டேன். கோபப்படுவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

21. ஏப்ரல் 17 அன்று மாலை எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் சேவை மையத்து முகப்பு மேசை ஊழியர். துணைநடைத் திட்டத்தில் ஒரு குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த இருவரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இடம் எனக்கு வந்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தளத்தில் நுழைந்து ஒப்புதல் தராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

“உள்ள போயி பாத்திருக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் வேலை முடிச்சிட்டு நானே நடந்து வந்துட்டேன். காலையில முத ஆளா மையத்துக்கு வந்துருங்க. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் தொட்டுறாதீங்க!”

என் மனைவி இடது கையாலேயே அவருக்குப் பேரிக்காய் நறுக்க முயன்றதும், அவர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு தாமே நறுக்கியதும் தங்கள் கோப்பில் இடம்பெறத் தேவையில்லை. ஆனால் ஒரு செய்தி ஒரு குடிமகனிடம் போய்ச் சேர்வதற்குச் சோன்னே வட்டத்தில் இன்றுள்ள நம்பகமான வழி அந்த ஊழியரின் இரண்டு கால்களே என்பது இடம்பெறலாம்.

22. ஏப்ரல் 21 முதல், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தினமும் எட்டேகாலுக்கு வந்து சோதாமை அழைத்துப்போகிறார். முதல் நாள் வழியில் அவள் இடமும் வலமும் பார்த்து ஒவ்வொரு தடையையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனாளாம். “கண்ணு, நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு மேல மேகத்தைப் பாத்துட்டு வா. ரோட்டை நான் பாத்துக்கறேன். நாப்பது வருஷமா அதானே என் வேலை” என்று அவர் சொன்னாராம். அன்று பள்ளியிலிருந்து வந்து, மேகம் என்ன வடிவத்தில் இருந்தது என்று அரை மணி நேரம் எங்களிடம் பேசினாள்.

23. எனவே எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது. தங்களிடமிருந்து இனி எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. இந்த மனுவைத் தாங்கள் அச்சத்தோடு வாசிக்க வேண்டிய காரணமும் அதுவே. ஒரு சலுகையைக் கொடுத்து என் வாயை அடைக்க வழியில்லை.

24. கோருவது இது. ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் அவர் அங்கே இருக்கிறார் என்று தங்கள் தளம் ஏற்றுக்கொள்ள வேண்டும். விசைப்பலகையைத் தட்டும் விரலும் மனித விரல்தான். மூடுவதற்கு முன் காதில் கேட்கும்படி ஒரு சொல் சொல்லிக் கேட்க வேண்டும். ‘இருக்கிறேன்’ என்று ஒரே விசையில் பதில் தர வழி வேண்டும். அப்படியும் மூட நேர்ந்தால், எழுதியதைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்பி வருகிறவரிடம் கொடுக்க வேண்டும். சொந்தக் கணினியில் இருப்பவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். ஒரு மணி என்றால் ஒரு மணி, ஒரு நாள் என்றால் ஒரு நாள். முகவரி மாற்றம், விண்ணப்ப ரத்து போன்ற மீள முடியாத காரியங்களுக்கு மட்டும் அந்தந்த இடத்தில் மறுபடி அடையாளம் கேட்டால் போதும். படிவம் நிரப்புகிறவரைத் திருடனாக நடத்துவது பாதுகாப்பு ஆகாது. பொதுக் கணினியிலோ, விண்ணப்பம் அனுப்பப்பட்டதும் அல்லது ஆள் எழுந்ததும் அக்கணமே மூட வேண்டும்; மூடிவிட்டுத்தான் எழ வேண்டும் என்று முகப்பு மேசையில் உள்ளவர் ஒரு வார்த்தை சொன்னாலும் நடந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான எந்தத் திட்டத்துக்கும் தொலைபேசியிலும் தாளிலும் விண்ணப்பிக்க வழி இருக்க வேண்டும். பதில்கள் மறையக் கூடாது.

25. மேலிட வழிகாட்டுதல் தடுக்கிறது என்று தாங்கள் கருதினால், அந்த வழிகாட்டுதல் மையத்துக் கணினிகளில் ஒரே மாலையில் எப்படி விலகி நின்றது என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

26. தங்கள் கணினித் திரையை அணைத்து, மவுஸை எடுத்துவிட்டு, துணைநடைப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தைத் தாங்களே ஒருமுறை நிரப்பிப் பார்க்கவும் கோருகிறேன். எந்த நாள் வசதி என்று தெரிவித்தால் நான் அருகில் வந்து உட்காருகிறேன். உதவி செய்ய மாட்டேன்.

27. மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை முப்பது நாட்களுக்குள் தபாலில், தாளில், மேற்கண்ட முகவரிக்கு அனுப்ப வேண்டுகிறேன். என் மகளுக்கு இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அவள் உரக்கப் படிக்க நாங்கள் இருவரும் கேட்போம். ஆகவே, ஒரு முதல் வகுப்புக் குழந்தையின் வாயிலிருந்து வந்தால் தங்களுக்கு வெட்கம் தராத வாக்கியங்களாகப் பார்த்து எழுதுமாறு வேண்டி இம்மனுவை ஒப்படைக்கிறேன்.

நாள்: 12.05.2025
இடம்: சோன்னே வட்டம், தேகு

மனுதாரர்,
(ஒப்பம்) யோம் கிதே

உடன் மனுதாரர்,
(ஒப்பம்) பான் மிரியோங்
கையெழுத்து அலுவலகப் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகாது. இது இடது கையால் இட்டது.